வெளிக்களம் எங்கே இருக்கிறது?

வடக்கில் உயர்தரம் படிக்கும் எவரிடமும் ‘தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். தவணைப் பரீட்சை வினாத்தாளின் தலைப்பில் இருக்கும் பெயர் அது. இரசாயனவியலுக்கு எத்தனை புள்ளி, உயிரியலுக்கு எத்தனை புள்ளி என்ற கவலையெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானும் அந்தத் தலைப்பின் கீழ் எத்தனையோ தடவை என் சுட்டெண்ணை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை ஒரு நாளும் யோசித்ததில்லை.

சென்ற வருடம் ஒரு நாள், திருத்திய வினாத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு எங்கள் உயிரியல் ஆசிரியை கேட்டார்: “வெளிக்களம் எண்டால் என்ன, பிள்ளையள்?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருத்தி, “சோதினை, மிஸ்” என்றாள். வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். வகுப்பறைக்கு வெளியே இருக்கும் களம். மாணவர்களை நீரேரிக் கரைக்கும் கண்டல் காட்டுக்கும் கூட்டிச் சென்று படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தொண்டைமானாறு அதற்குப் பொருத்தமான இடமுந்தான். ஆறு என்று பெயர் வைத்திருந்தாலும் அது ஆறு அல்ல, கடல்நீரேரி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமே இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். உப்பாறும் நீரேரியே. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது, மிச்சம் நீரேரிகளில் சேர்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்த ஆழமில்லாத நீர்ப்பரப்புகளை நம்பித்தான் பறவைகள் வருகின்றன. இவ்வளவும் எங்கள் வாசலில் இருக்க, நாங்கள் சூழற்றொகுதி என்ற அலகை நான்கு சுவருக்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் மிஸ் ஒரு கடிதம் தந்தார். சுண்டிக்குளம் தேசிய பூங்காவுக்கு ஒரு நாள் வெளிக்களப் பயணம், பெற்றோர் கையொப்பம் தேவை. வகுப்பில் பத்தொன்பது பேர். குறித்த நாளில் கையொப்பத்துடன் திரும்பி வந்த கடிதங்கள் ஆறு. பயணம் நின்றது.

திரும்பி வராத பதின்மூன்றில் என்னுடையதும் ஒன்று. வாப்பா தையல் மெசினில் இருந்து தலை நிமிர்த்தாமலேயே கேட்டார்: “படிக்கப் புத்தகம் இருக்கு. பறவை பார்க்க அவ்வளவு தூரம் போகவேணுமோ? பிக்னிக் எண்டால் பிக்னிக் எண்டு எழுதச் சொல்லுங்கோ மகள்.” எனக்குக் கோபம் வந்தது. பெண்பிள்ளை என்பதால்தான் விடுகிறார்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. எங்கள் உம்மும்மா சொன்னது வேறு: “அந்தப் பக்கமெல்லாம் வெடி கிடந்த மண். நீ எங்கயாவது கால் வைச்சிட்டால்?” அவர் சொல்வதில் பிழை இல்லை. முகமாலைப் பக்கத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளையும், கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழந்தாளில் இருந்து மண்ணைக் கிளறுவதையும் ஏ-9 வீதியால் போகிறவர்கள் கண்டிருப்பார்கள். அதைவிட, உம்மும்மாவுக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுதல் என்ற சொல்லிலேயே ஒரு பயம் உண்டு. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்கள் மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போனவர் அவர். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வளவுக்குள் பற்றை. இதையெல்லாம் நான் அறிவேன். ஆனாலும் கையொப்பம் இல்லாத கடிதத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது எங்களுக்குச் சொல்லாத காரணம் ஒன்று பின்னால் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் பதில் சொல்லலாம்.

மிஸ் சண்டை பிடிக்கவில்லை. தூரம்தானே பிரச்சினை, கிட்டப் போவோம் என்றார். நாவாந்துறை கழிந்து, காக்கைதீவு மீன் சந்தையையும் தாண்டினால் கல்லுண்டாய் வெளி. எங்கள் பகுதியிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இதற்குப் பதினேழு பேர் கையொப்பம் கொண்டுவந்தோம்.

முதல் சனிக்கிழமை நான் வெட்கப்பட்ட நாள். கொப்பியில் திகதி, நேரம், இடம் எல்லாம் அழகாக எழுதி, அதன் கீழ் ‘வெள்ளை நிறப் பறவைகள் நிறைய இருந்தன’ என்று எழுதியிருந்தேன். மிஸ் ‘நிறைய’ என்ற சொல்லின் கீழ் சிவப்பில் கோடு போட்டார். “இது எண் இல்லை. வெள்ளை எண்டதும் பெயர் இல்லை.” பிறகு அதே பறவைகளை மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தால் அவை மூன்று வகை! கால் கறுப்பு, பாதம் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சொண்டு நுனியில் அகப்பை போல் அகன்றிருந்தால் கரண்டிவாயன். தலை கறுத்து, சொண்டு அரிவாள் போல் வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். பதினேழு வருடமாக மூன்றையும் ‘கொக்கு’ என்று சொல்லி முடித்திருக்கிறேன்.

அடுத்தது எண்ணுவது. நூற்றுக்கணக்கில் நிற்கும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அவை நடந்துகொண்டேயிருக்கும். முதலில் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதிக்க வேண்டும். பிறகு அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டு போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் கேட்டுவிட்டால் மனம் அந்த எண்ணுக்கு இழுபடும். இந்தக் கடைசி விதியை எந்தப் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கரையில் சில கண்ணா மரங்கள் நின்றன. கண்டல் தாவரங்களின் இசைவாக்கம் பற்றி நாங்கள் பாடமாக்கிய குறிப்பில் ‘இலைகள் மூலம் உப்பை வெளியேற்றும்’ என்று ஒரு வரி உண்டு. மிஸ் ஒரு இலையைக் காட்டி, “நக்கிப் பாருங்கோ” என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் நாக்கு நுனியால் தொட்டேன். கடல்தண்ணீரே தோற்றுவிடும். வெயில் ஏற ஏற அந்த உப்பு வெள்ளைப் பொடியாக இலையில் நிற்பதைக் கண்ணாலும் காணலாம். சேற்றிலிருந்து பென்சில்கள் போல் நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். நீர் நிறைந்த சேற்றுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவு, அதனால் வேர் மேலே வந்து காற்றைத் தேடுகிறது. ஒரு மூச்சுவேரைக் கிட்டப் பார்த்தால் அதில் சிறு துளைகள் இருக்கும். ஓர் எச்சரிக்கை: கரையில் காணும் எல்லா இலையையும் நக்கக் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். மரத்தின் பெயர் தெரியாமல் தொட வேண்டாம் என்பதைத்தான் மிஸ் முதலில் சொன்னார், இலையை நக்கச் சொன்னது பிறகு.

பறவைகளின் சொண்டு பற்றி நான் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே சேற்றில் ஐந்தாறு இனங்கள் சண்டை இல்லாமல் எப்படிச் சாப்பிடுகின்றன என்று ஒரு மணித்தியாலம் பார்த்தோம். சிறு உள்ளான் சேற்றின் மேற்பரப்பில் கொத்தும். கருவால் மூக்கனின் நீண்ட சொண்டு ஆழத்திலுள்ள புழுவுக்கு எட்டும். நெடுங்கால் உள்ளான் மற்றவை நிற்க முடியாத தண்ணீருக்குள் நின்று பொறுக்கும். கரண்டிவாயன் சொண்டைக் கொஞ்சம் திறந்தபடி இடமும் வலமும் அரித்துக்கொண்டு நடக்கும். ஒரே சாப்பாட்டு மேசை, ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு பாத்திரம். போட்டியைக் குறைக்கும் வளப் பங்கீடு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

கல்லுண்டாயில் குப்பை மேடும் உண்டு. அதை விட்டுவிட்டு அழகான பகுதியை மட்டும் எழுதினால் என் கொப்பி பொய்யாகிவிடும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எண்ணினோம். பொலித்தீன் பைகளுக்கு நடுவே கடற்காகங்கள் இரை தேடின. அந்தப் பைகளில் சில எங்கள் தெருவில் இருந்து போனவையாகவும் இருக்கும்.

இந்தக் கடற்காகங்கள் சாதாரணமானவை அல்ல. ஒக்டோபர் அளவில் வந்து, சித்திரை அளவில் போய்விடும். மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்ற பெரிய வான்வழியின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் செய்மதியோடு தொடர்புகொள்ளும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். அது இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய், குளிர் தொடங்கியதும் மன்னாருக்கே திரும்பி வந்தது. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். உம்மும்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதுகளுக்கென்ன, காணி உறுதி கேக்கிற ஆள் இல்லை.” வாப்பா மெசினை நிறுத்திவிட்டு, “அந்தத் தாளை இங்க தாங்கோ” என்றார். அவர் முழுவதும் வாசித்தார்.

தை மாதம் மிஸ் சுண்டிக்குளம் கடிதத்தை மறுபடி தந்தார். இந்தத் தடவை அதில் மூன்று வரிகள் கூடுதலாக இருந்தன. விரும்பும் தாய்மார் கூட வரலாம். பூங்கா அலுவலர் அனுமதிக்கும் பாதையை விட்டு எவரும் இறங்கமாட்டார்கள். வழியில் ஒரு பாடசாலையில் கழிப்பறை வசதியும் லுஹர் தொழுகைக்கு இடமும் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. கழிப்பறை விஷயத்தைச் சொல்ல நாங்கள் எல்லோரும் கூச்சப்பட்டோம். ஆனால் பெண்பிள்ளைகள் வெளிக்களம் போகாமைக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று என் எண்ணம். காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கிற பிள்ளைக்கு என்ன படிப்பு ஏறும்? பதினெட்டுக் கையொப்பம் வந்தது. ஏழு தாய்மார் பஸ்ஸில் ஏறினார்கள். எங்கள் உம்மாவும் ஒருவர்.

உண்மையைச் சொன்னால், தாய்மார் வருவது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டும் பாட முடியாது என்று நினைத்தேன்.

மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று வடமராட்சி கிழக்குக் கரையோரமாகப் போனால் குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில் சுண்டிக்குளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. நடுவில் மணலும் பனையும். 1938 இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் தேசிய பூங்காவாகத் தரம் உயர்ந்தது. பரப்பு 19,565 ஹெக்டேயர். சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் வேறுபாடு உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்: சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், மக்கள் வாழலாம். தேசிய பூங்கா முழுவதும் அரச நிலம், அனுமதி பெற்று விலங்குகளைப் பார்க்கவும் ஆராயவும் மட்டுமே உள்ளே போகலாம். சுண்டிக்குளத்தில் மீனவர் குடியிருப்பும் இருப்பதால் இந்த வேறுபாடு அங்கே வெறும் வரைவிலக்கணம் அல்ல. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் எங்களுக்கு அன்று முதல் ஆசிரியர். மழை முடிந்து தண்ணீர் வற்றி, முழங்கால் அளவுக்கு வந்தால்தான் பூநாரை வந்து நிற்கும் என்றும், தண்ணீர் கூடிய வருடத்தில் தாராக்கள்தான் அதிகம் என்றும் சொன்னார். மிஸ் அதை எழுதச் சொன்னார்.

பூநாரைகள் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. கிட்டப் போக முடியாது. போகவும் கூடாது: இரை தேடும் பறவையை ஒரு தடவை எழுப்பினால் அது சேர்த்துவைத்த சக்தி வீணாகும். தொலைநோக்கி இரண்டுதான் இருந்தது, முறைவைத்துப் பார்த்தோம். தலையைக் கவிழ்த்து, சொண்டை மேல்கீழாக மாற்றித் தண்ணீருக்குள் வைத்திருக்கும். நாக்கு பம்பி போல் வேலை செய்து சேற்றுநீரை உறிஞ்சித் தள்ள, சொண்டின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகளில் சிறு இறால்களும் அல்காக்களும் தங்கிவிடும். எண்ணினோம். நான் 340 என்று எழுதினேன். என் தோழி 500. உம்மா கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, “நானூறுக்குக் கொஞ்சம் குறையும்” என்றார். மிஸ் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாடசாலையில் ஒவ்வொன்றாக எண்ணினோம்: 386.

உம்மா காலையில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். அடுக்கிய தட்டைப் பார்த்தவுடன் எத்தனை என்று சொல்வார். மிஸ் எங்களுக்கு ஒரு மாதமாகப் பழக்கிய முறை அவர் கண்ணில் ஏற்கனவே இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. பூநாரை பிறக்கும்போது சாம்பல் நிறம், அதன் சிவப்பு உணவிலுள்ள கரற்றினொயிட்டு நிறப்பொருளால் வருவது என்று மிஸ் விளக்கிக்கொண்டிருந்தார். உம்மா மெதுவாக என்னிடம், “உப்புப் பாத்தித் தண்ணியும் சிவக்கும்தானே, அதுவும் இதுவும் ஒண்டோ?” என்று கேட்டார். உம்மா புத்தளத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு அந்தக் கேள்வியைத் திரும்பச் சொல்ல வைத்தார். உப்பு முற்றிய நீரில் வாழக்கூடிய துனாலியெல்லா என்ற நுண்ணல்கா, கடும் வெயிலில் இருந்து தன்னைக் காக்க அதே கரற்றினொயிட்டை உண்டாக்குகிறது. உப்பு விரும்பும் நுண்ணங்கிகளும் சேர்ந்து தண்ணீரைச் சிவப்பாக்கும. உப்புநீர்ச் சிற்றிறால் அல்காவைத் தின்னும், பூநாரை இறாலைத் தின்னும். பாத்தியின் சிவப்புத்தான் படியேறிச் சிறகுக்கு வருகிறது. உணவுச் சங்கிலி என்று நான் எழுதிய எந்த விடையையும் விட எனக்கு விளங்கியது இது. அது உம்மாவின் கேள்வியால் வந்தது. பஸ்ஸில் பாட்டுப் பாட முடியாத கவலை அத்தோடு போய்விட்டது. திரும்பும் வழியில் தாய்மாரே பாடினார்கள் என்பது வேறு கதை.

பெற்றோருக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனால் என் புள்ளி வானத்துக்கு ஏறவில்லை. அடுத்த தவணையில் 61 இலிருந்து 64 ஆனது, அவ்வளவுதான். கண்டல் தாவரம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை! ஆகவே சோதினைக்கு உதவும் என்று சொல்லி நான் உங்களிடம் கையொப்பம் கேட்கமாட்டேன். நான் சொல்லக்கூடியது இதுதான். முன்பு புத்தகத்தில் ஒரு வசனம் விளங்காவிட்டால் பாடமாக்கிவிடுவேன். இப்போது, இதை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீர் ஏன் ஆடியில் சவர்க்கிறது என்று கேட்டு, மேலே நன்னீரும் அடியில் உப்புநீருமாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்பதைப் படித்தது அதற்குப் பிறகுதான். கூடுதலாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும்.

1896 இல் மும்பையில் பிறந்த சாலிம் அலியைப் பற்றி மிஸ் ஒரு நாள் சொன்னார். சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினாராம். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் அடையாளம் என்னவென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அவருடைய மாமா ‘உனக்கேன் இந்த வேலை’ என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பையன் பிற்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளையே எழுதிவைத்தார். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் மாமாதான்.

தங்கைகளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். போகும் காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை. அதற்குப் பிறகு தண்ணீர் வற்றி, பறவைகளும் புறப்பட்டுவிடும். விடியற்காலையே நல்லது, வெயில் ஏறினால் கானல் அலையில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொண்டு போகாதீர்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனை மழையில் கரையும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிடப் பயனானது. சுண்டிக்குளம் ஒரு நாள் காட்சி. கல்லுண்டாய்க் கொப்பியில்தான் எங்களுக்குப் பதினொரு சனிக்கிழமைகள் இருக்கின்றன, ஒவ்வொரு வாரமும் எண் மாறுவதும் தெரிகிறது.

தொண்டைமானாற்றுக்கு நான் இன்னும் போகவில்லை. வினாத்தாளில் மட்டும்தான் பழக்கம். மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறோம். வாப்பாவிடம் அந்தக் கடிதம் இப்போது மெசின் லாச்சிக்குள் இருக்கிறது. கையொப்பம் வைத்துவிட்டார், திகதிதான் வரவேண்டும்.

காக்கைதீவில் கடற்காகங்கள் வந்துவிட்டன என்று மீன் வாங்கப் போன சாச்சா நேற்றுச் சொன்னார். இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கல்லுண்டாயில் இவ்வருடத்தின் முதல் எண்ணிக்கை. ஐந்தரைக்குள் இடியப்பத்தை அவித்து முடித்துவிடுவதாக உம்மா சொல்லியிருக்கிறார்.